கிளர்தலும் கிளறுதலும்: சினமூட்டலைக் குறிக்கும் ஆங்கில வினைகளும் வடசென்னைத் தொழிலாளர் வரலாறும் (1918–1947)

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைத் தொழிற்பகுதியின் சங்க வரலாற்றைப் பெரம்பூர் ஆலைகளிலிருந்து தொடங்குவது ஆய்வாளர் வழக்கம். 1918 ஏப்ரல் 27 அன்று அங்குத் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாக எண்ணப்படுகிறது. அச்சங்கத்தினரின் சினம் எவ்வகை வினைச்சொற்களால் ஆட்சிக் குறிப்புகளுக்குள்ளும் நீதிமன்றத்திற்குள்ளும் கொண்டுவரப்பட்டது, அச்சொற்கள் யாரைக் குற்றவாளியாக்கின என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டத்தின் வினைகள்

1860இல் இயற்றப்பட்டு 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சினத்தை எழுப்புதலைச் சுட்டும் வினைகள் பல. பொது அமைதி குலையும்படி ஒருவரை வேண்டுமென்றே அவமதித்து 'ப்ரவோக்' செய்தலை 504ஆம் பிரிவு குற்றமாக்கியது. குற்ற உடந்தையை விளக்கும் 107ஆம் பிரிவு 'இன்ஸ்டிகேட்' என்னும் வினையை முதலில் வைத்தது. 1870இல் சேர்க்கப்பட்ட 124அ பிரிவு, அரசின்மீது வெறுப்புணர்வை 'எக்ஸைட்' செய்வோரைத் தண்டித்தது. தூத்துக்குடிக் கோரல் ஆலை வேலைநிறுத்தம் நிகழ்ந்த 1908ஆம் ஆண்டிலேயே வ. உ. சிதம்பரனாரின் தமிழ்ப் பேச்சுகள் இப்பிரிவின்கீழ்த் தண்டனைக்குள்ளாயின.

இவை யாவும் செயப்படுபொருள் குன்றா வினைகள். எழுப்புபவர் ஒருவர், எழுப்பப்படுபவர் மற்றொருவர் என இருவரை இவை வேண்டி நிற்கின்றன. 'ப்ரவோக்' என்பதன் இலத்தீன் மூலம் வெளியே அழைத்தலையும், 'இன்ஸ்டிகேட்' என்பதன் மூலம் தார்க்கோலால் குத்துதலையும் குறிப்பன. மாடு தானாக நடப்பதில்லை என்னும் எண்ணம் பின்னதில் உறைந்துள்ளது.

ஆங்கில மொழிக்கே இது இயல்பு எனக் கருதுதல் பிழையாகும். நிதானம் இழத்தல், கொதித்து வழிதல், கண் சிவத்தல் ஆகிய பொருள்களைத் தரும் அன்றாட ஆங்கில மரபுத்தொடர்களில் சினங்கொள்பவரே எழுவாயாக நிற்கிறார், தூண்டுபவர் தேவைப்படுவதில்லை. ஆதலின் குறை மொழியினுடையதன்று. ஆட்சியாளர் தேர்ந்துகொண்ட வினைகளினுடையது. கொலைக் குற்றத்தைத் தணிக்கும் 300ஆம் பிரிவின் முதல் விலக்கு, கடுமையான திடீர்ச் சினமூட்டலைக் கருத்திற்கொண்டது. அங்கே நீதிமன்றம் 'என்ன நேர்ந்தது?' என வினவியது. தொழிலாளர் திரளின் சினத்தைப் பொறுத்தவரை 'யார் செய்தது?' என்பதே முதல் வினாவாயிற்று.

தமிழில் நேர்ந்த மாற்றம்

'அஜிடேஷன்' என்னும் சொல்லுக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் 'கிளர்ச்சி'. 'அஜிடேட்' என்பது பிறிதொன்றைக் குலுக்குதல்; அதற்கு நேரான தமிழ் வினை 'கிளறு'. மண்ணையும் அடுப்பையும் கிளறுவோம். தமிழர் கைக்கொண்டதோ 'கிளர்' என்னும் தன்வினை. முளை கிளர்வதற்கும் ஒளி கிளர்வதற்கும் புறத்தேயிருந்து ஒரு கை வேண்டியதில்லை. 'தூண்டுதல்' கூட விளக்கின் திரியை முன்தள்ளிச் சுடரை மிகுவித்தலைக் குறிக்கும் சொல். தீ அங்கு முன்னமே உள்ளது. 'எனக்குச் சினம் வந்தது' என்னும் நான்காம் வேற்றுமைத் தொடரிலும் ஊட்டியவர் இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளிக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களும் உறுப்பைச் சிதைத்தல், குடியை நலிதல், அடித்தும் வைதும் அலைத்தல், கொல்லுதல் எனத் தீங்குகளாகவே அமைந்துள்ளன. மூட்டிவிடுவோர் என ஒரு வகை அவ்வரிசையில் இடம்பெறவில்லை.

பெரம்பூரில்

1918இல் பெரம்பூர்த் தொழிலாளர் முன்வைத்த குறைகள், நண்பகல் உணவு இடைவேளையின் குறுமை, காலந்தாழ்த்தி வருவோர் வாயிலில் நிறுத்தப்படுதல், ஐரோப்பிய மேற்பார்வையாளரின் கைநீட்டல் முதலியன. இவை மெய்ப்பாட்டியலார் 'அலை' என வகுத்ததற்குள் பெரிதும் அடங்கும். அக்குறைகளைக் கேட்டு முதலில் முயன்றவர்கள் கோ. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டுவந்தது அதன் பின்னரே. திரு. வி. க. துணைநின்றார். கிளர்ச்சி முந்தியது, தலைமை பிந்தியது என்னும் இவ்வரிசை முதன்மையானது.

1920 அக்டோபரில் ஆலை கதவடைக்கப்பட்டது. மேலாண்மை நடத்திய பின்னி நிறுவனம், சங்கத் தலைவர்கள்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வேலை ஒப்பந்தத்தை முறிக்குமாறு தொழிலாளரை 'இன்ட்யூஸ்' செய்தனர் என்பது குற்றச்சாட்டு; தடையாணையும் பெறப்பட்டது. வாடியா பம்பாயைச் சேர்ந்த பார்சி. தொழிலாளரிடம் ஆங்கிலத்தில் பேசியவர். ஆயிரக்கணக்கானோரின் சினத்திற்குக் காரணமெனக் காட்டப்பட்ட பேச்சு, மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாகவே அவர்களை எட்டியது! எனினும் அவர் சங்கத் தொடர்பை விட்டு விலகிய பின்னரே வழக்கு முடிவுக்கு வந்தது.

1921 ஜூன் முதல் அக்டோபர் வரை நீடித்த வேலைநிறுத்தத்தில் இவ்வினைகள் மேலும் கொடிய பயன்பாட்டைப் பெற்றன. வேலைநிறுத்தத்தில் சேராது ஆலைக்குச் சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் ஏனையோருக்கும் இடையே புளியந்தோப்பில் மோதல் மூண்டது. ஆகஸ்டு 29 அன்று துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியாயின. தேசியவாதிகள் தொழிலாளரைத் தூண்டினர் என ஆலைத் தரப்பு கூறியது. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடரைத் தூண்டியது என நீதிக்கட்சியினர் சிலர் கூறினர். இரு கூற்றிலும் தொழிலாளர் செயப்படுபொருளாகவே நிற்கின்றனர். கூலியிழந்து வாழ இயலாமை, சங்கத்தினரோடு ஒரே தெருவில் நாளும் பட்ட சாதி இழிவு ஆகியவை ஆதிதிராவிடருக்குத் தம்மளவில் முடிவெடுக்கப் போதிய காரணங்கள். அவர்களைத் தூண்டப்பட்டோர் என்று மட்டும் எழுதும் சங்க ஆதரவு வரலாறுகளும் பின்னி நிறுவனத்தின் இலக்கணத்தையே பின்பற்றுகின்றன.

தடையாணையின் எதிரொலியாக 1921 மார்ச்சில் மத்திய சட்டமன்றத்தில் என். எம். ஜோஷி தொழிற்சங்கப் பாதுகாப்புக் கோரித் தீர்மானம் கொணர்ந்தார். அதன் விளைவான 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, தொழிற்தகராறை முன்னிட்டு ஒப்பந்த முறிவுக்கு ஒருவரை 'இன்ட்யூஸ்' செய்தார் என்ற ஒரே காரணத்தால், பதிவுபெற்ற சங்கத்தின் பொறுப்பாளர்மீதோ உறுப்பினர்மீதோ உரிமையியல் வழக்குத் தொடர இயலாது என்றது. பின்னி வழக்கின் வினையே அப்பிரிவுக்குள் பெயர்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் 1950களில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தபோது, அங்குத் தோன்றிய சங்கங்கள் இப்பாதுகாப்போடு தொடங்க முடிந்தது.

எனினும் பழைய இலக்கணம் மறையவில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, சட்டத்திற்கு மாறான வேலைநிறுத்தத்தில் ஈடுபடும் தொழிலாளிக்கு ஒரு மாதம் வரை சிறை அல்லது 50 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் என விதித்தது. அடுத்த பிரிவு, அதில் பங்கேற்குமாறு பிறரை 'இன்ஸ்டிகேட்' அல்லது 'இன்சைட்' செய்பவருக்கு விதித்தது ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும்.