சேசிஸ் எண்ணும் பெயரில்லாக் கைகளும்: மும்பையில் வாகனச் சட்டகத்துக்கு வண்ணம் பூசியதன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

செம்பூரில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கராஜில் பழைய ஜீப் ஒன்று பிரித்துப் போடப்பட்டிருந்தது. உடற்கூடு சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்க, ஏணி வடிவிலான சேசிஸ் மட்டும் இரும்புத் தாங்கிகளின்மேல் கிடந்தது. தாராவியிலிருந்து வந்திருந்த பெயிண்டர், திருநெல்வேலியைப் பூர்விகமாகக் கொண்டவர், கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை நீக்கி முடித்திருந்தார். பிரைமர் அடிப்பதற்கு முன் அவர் செய்த ஒரு காரியமே இக்குறிப்புகளை எழுதத் தூண்டியது. சட்டகத்தில் பொறிக்கப்பட்டிருந்த எண்ணின்மேல் அவர் ஒட்டுத்தாளை ஒட்டினார். வண்ணம் தடித்துப் படிந்தால் எண்ணின் பள்ளங்கள் நிரம்பிவிடும்; ஆர்.டி.ஓ. பரிசோதனையில் வண்டி சிக்கிக்கொள்ளும். ஆகவே அந்த இடத்துக்கு மட்டும் கடைசியில் மெல்லிய பூச்சு ஒன்றைத் தனியாகக் கொடுப்பது வழக்கமாம்.

சேசிஸ் எண் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுகிறது. அவ்வெண்ணைப் பல பத்தாண்டுகள் துருவிலிருந்து காத்த கைகள் எந்த ஆவணத்திலும் இடம்பெறுவதில்லை. மோட்டார் வாகன வரலாறு தொழிற்சாலை வரலாறாகவே எழுதப்பட்டு வருவதன் விளைவு இது. மும்பையில் இந்த இடைவெளி மோட்டார் வாகனத்தோடு தொடங்கியதன்று; அதற்கு முந்தைய தடம் இருப்புப்பாதையில் இருக்கிறது.

தாராவியை அடுத்த மாட்டுங்காவில் 1915ஆம் ஆண்டு ஜி.ஐ.பி. ரயில்வேயின் பணிமனை நிறுவப்பட்டது. 1930 ஜூன் 1 அன்று பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய டெக்கான் குயின் ரயிலுக்கு, ஏழேழு பெட்டிகள் கொண்ட இரண்டு தொடர்கள் இருந்தன. அப்பெட்டிகளின் அடிச்சட்டகங்கள் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. மேற்கூடுகள் மாட்டுங்கா பணிமனையில் கட்டப்பட்டவை. ஒரு தொடர் வெள்ளி நிறத்தில் செந்நிறப் பட்டையோடும், மற்றொன்று அரச நீலத்தில் பொன்னிறக் கோடுகளோடும் விளங்கின. சட்டகம் எங்கிருந்து வந்தது, எந்த நிறம் பூசப்பட்டது என்பவை ரயில்வே வரலாற்றில் இன்றும் சொல்லப்படுகின்றன. பூசியவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மோட்டார் வாகனத்துக்கு வருவோம். தொடக்க காலக் கார்களுக்குத் தூரிகையால் பல அடுக்குகள் பூசி, ஒவ்வொன்றும் உலரக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வண்டி முடியப் பல வாரங்கள் ஆகும். 1923-24இல் ஜெனரல் மோட்டார்ஸ், டூபாண்ட் நிறுவனத்தின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சான ‘டியூகோ’வை ஓக்லாண்ட் கார்களில் பயன்படுத்தியபோது நிலைமை மாறியது. தெளித்த சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும் வண்ணம், காத்திருத்தல் என்னும் செலவை நீக்கியது. அதைவிட நீண்ட விளைவு ஒன்றும் உண்டு. கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் கூரையிட்ட ஓரிடமும் இருந்தால் எவரும் வண்டிக்கு வண்ணம் பூசலாம் என்ற நிலையை அது உருவாக்கியது. ‘டியூகோ’ என்ற வணிகப் பெயர் தமிழ்நாட்டில் மரச்சாமான் பெயிண்டர் வரை பரவி இன்றும் பொதுப்பெயராக வழங்குவது இம்மாற்றத்தின் தடயமே.

மும்பையில் இத்தொழில் வேரூன்றக் காரணமான வண்டிகள் அருகிலேயே உருவாயின. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் குர்லாவில் இயங்கியது. மஹிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் மஜ்காவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியது. இவற்றுள் ஜீப்புக்குத் தனிச் சட்டகம் உண்டு. பிரீமியரின் பியட் 1100க்கும் அதன் வழிவந்த பத்மினிக்கும் அவ்வாறு இல்லை. அவற்றில் தகட்டாலான உடலே சட்டகம். இந்தப் பொறியியல் வேறுபாடு வரலாற்று முக்கியத்துவம் உடையது. ஜீப்பின் உடல் துருப்பிடித்தால் உடலை மாற்றலாம். பத்மினியின் தரைத்தகடு துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே அரிக்கப்படுகிறது. எனவே, வாடகை வண்டிகளின் ‘அழகுபடுத்தல்’ என்று நாம் எண்ணிய வேலை உண்மையில் சட்டகப் பராமரிப்பாகும்.

கடலோர உப்புக் காற்றும் நான்கு மாத மழையும் கொண்ட இந்நகரில் அப்பராமரிப்பு எளிதானதன்று. ஈரப்பதம் மிகுந்த நாளில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைத் தெளித்தால், தின்னர் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பூச்சு வெளுத்துப்போகும். அதனால் வெயிலுக்குக் காத்திருப்பார்கள், அல்லது மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பார்கள். பெட்டி வடிவப் பகுதிகளின் உட்புறத்தில் ஸ்ப்ரே சென்று சேராது. துரு அங்கிருந்தே தொடங்கும். தொழிற்சாலையில் உடல் முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தால் பிரைமரைப் படியச் செய்வார்கள். வீட்டுக் கராஜில் அதற்கு வழியில்லை. அங்கே மேற்பரப்பைத் தூய்மை செய்யும் பொறுமையும் அனுபவமும்தான் அந்தத் தொட்டியின் வேலையை இயன்றவரை ஈடு செய்கின்றன.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று. தமிழ்நாட்டில் இத்தொழில் ‘டிங்கரிங் பெயிண்டிங்’; மும்பையில் ‘டென்டிங் பெயிண்டிங்’. தமிழ்நாட்டுச் சொல் செய்பவரின் வேலையிலிருந்து பிறந்தது; மும்பைச் சொல் வண்டியில் விழுந்த பள்ளத்திலிருந்து பிறந்தது. தாராவித் தமிழரின் பேச்சில் இரண்டும் மாறி மாறி வருவதைக் கேட்டிருக்கிறேன். புலம்பெயர்ந்த தொழில் ஒன்றின் வழித்தடம் இத்தகைய சொற்களில்தான் தேடப்பட வேண்டும்.

2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் கடைசிப் பத்மினி டாக்சி பதிவாயிற்று. வாடகை வண்டிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு என்பதால், 2023 அக்டோபர் இறுதியில் பத்மினி டாக்சிகள் சாலையிலிருந்து விடைபெற்றன. நாளிதழ்கள் நெகிழ்ச்சியோடு எழுதின. கறுப்பும் மஞ்சளும் நகரின் நினைவுச் சின்னம் என்றன. அந்நிறங்களை மழைக்காலந்தோறும் மீட்டெடுத்தவர்கள் அந்த நெகிழ்ச்சியில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

இந்த மறதிக்கு உடல்சார்ந்த விலையும் உண்டு. பளிச்சென்ற, எளிதில் மங்காத மஞ்சள் எனாமலுக்கு 20ஆம் நூற்றாண்டில் பரவலாகப் பயன்பட்ட நிறமி லெட் குரோமேட், அதாவது ஈயச் சேர்மம். பழைய மஞ்சள் பூச்சைத் தேய்ப்பவர் அத்தூசியைச் சுவாசிக்கும் அபாயம் உள்ளது. இந்தியாவில் வண்ணப்பூச்சுகளில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. ஆனால், அவை வீட்டு உபயோக, அலங்காரப் பூச்சுகளுக்கானவை. வாகனப் பூச்சுகள் அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. இன்று பரவலாகியுள்ள ‘டூ கே’ பாலியூரிதேன் பூச்சின் ஹார்ட்னரில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. இவை தொழில்சார் ஆஸ்துமாவின் நன்கறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி செலுத்தும் முகமூடி இதற்குத் தேவை. செம்பூர்க் கராஜில் நான் கண்டது மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை. வண்ணம் தீர்ந்த டப்பாக்களும் டிரம்களும் கழுவப்பட்டு மறுபயன்பாட்டுக்குத் தயாராவது தாராவியில். பூச்சின் வாழ்க்கையில் முதலிலும் முடிவிலும் அதே பகுதியின் நுரையீரல்களே நிற்கின்றன.

கராஜ் என்பது சிறு தொழிலுக்கான இழிபெயர் அன்று. 1942இல், போர்க்கால இறக்குமதித் தடையின்போது, நான்கு நண்பர்கள் கிர்காவ் காய்வாடியில் ஒரு கராஜில் தொடங்கிய நிறுவனமே ஏஷியன் பெயிண்ட்ஸ். வண்ணத்தை உற்பத்தி செய்த கராஜுக்கு நிறுவன வரலாறு கிடைத்தது. அதைப் பூசிய கராஜுகளுக்குக் கிடைக்கவில்லை. ஒன்றில் பங்குதாரர்களும் கணக்கேடுகளும் இருந்தன. மற்றவற்றில் நாட்கூலியும் மனப்பாடமான கலவை விகிதங்களும் இருந்தன. ஆவணக் காப்பகம் எதைச் சேமிக்கிறது என்ற பழைய கேள்விக்கு மும்பையே தரும் விடை இது.

ஆயினும், இத்தொழில் தன் ஆவணத்தைத் தானே விட்டுச்செல்கிறது. செம்பூர் ஜீப்பின் சட்டகத்தைத் தேய்த்தபோது கறுப்புக்குக் கீழே சாம்பல், அதன் கீழே ராணுவப் பச்சை, அடியில் ரெட் ஆக்சைடு என அடுக்குகள் வெளிப்பட்டன. ஓர் அடுக்கு எந்தத் தின்னரில் கலக்கப்பட்டது, மழைக்காலத்தில் அவசரமாக அடிக்கப்பட்டதா என்பதை அப்பெயிண்டர் விரலால் தடவியே சொன்னார். அகழாய்வாளர் மண்ணடுக்கை வாசிக்கும் முறைக்கு இது குறைந்ததன்று. அவ்வாறு வாசிக்கத் தெரிந்தவர்கள் முதுமையை நெருங்குகிறார்கள். அவர்களுள் பலருக்கு மூச்சிரைப்பும் இருக்கிறது. நகர வரலாற்றிலோ உழைப்பு வரலாற்றிலோ ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள், ஒலிப்பதிவுக் கருவியோடு குர்லா, தாராவிப் பக்கம் ஒருமுறை சென்று வரலாம். வண்டி எண்ணைக் கேட்பதற்கு முன், வண்ணம் பூசியவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.