எமுலேஷன்: வேற்றுக் கணினியில் மென்பொருளை இயக்குதல்

எமுலேஷன் என்பது, ஒரு கணினிக்காக எழுதப்பட்ட நிரலைத் திருத்தாமல் அப்படியே வேறு வகைக் கணினியில் ஓடவைக்கும் முறை. நிரலில் இருப்பவை பழைய செயலியின் கட்டளைகள். அவற்றைப் படித்து, புதிய செயலியின் கட்டளைகளால் அதே விளைவை வரவழைப்பது எமுலேட்டரின் வேலை. இதை முழுக்க மென்பொருள் வித்தையாகவே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பேர்பெற்ற எமுலேட்டர்கள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால், பாரத்தில் பாதியைப் புதிய வன்பொருளே சுமந்திருப்பது தெரியும்.

ஐபிஎம் 1959இல் அறிவித்த 1401 கணினி ஆயிரக்கணக்கில் பரவியது. அது பதின்ம எண்களை எழுத்தெழுத்தாகக் கையாண்டது. ஒரு தரவு எங்கே முடிகிறது என்பதை ‘வேர்ட் மார்க்’ என்ற தனி பிட் காட்டியது. 1964 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360இலோ 8 பிட் பைட்டும் 32 பிட் சொல்லும்தான். பழைய நிரல் எதுவும் அதில் நேரடியாக ஓடாது. இதற்குள் 1401 நிரல்களை மாற்றித்தரும் ‘லிபரேட்டர்’ மென்பொருளோடு ஹனிவெல் 200 களத்துக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் கைநழுவும் நிலை. 360 வரிசையின் மாடல் 30இல், கட்டளைகளை நிறைவேற்றும் மைக்ரோகோடு துளையட்டை அளவிலான மைலார் அட்டைகளில் பதிந்திருந்தது. 1401 கட்டளைகளுக்கான மைக்ரோகோடையும் ஐபிஎம் அந்தக் கணினிக்கு வழங்கியது. பழைய நிரல்கள் அசல் 1401இல் ஓடியதைவிட வேகமாக ஓடின.

2020இல் ஆப்பிள் இன்டெல் செயலியைக் கைவிட்டு எம்1 சில்லுக்கு மாறியபோதும் நடந்தது கிட்டத்தட்ட இதுவே. ஆப்பிளின் ரோசெட்டா 2 மென்பொருள் இன்டெல் நிரலைப் பெரும்பாலும் ஓடுவதற்கு முன்பே மொழிபெயர்த்துவிடும்; பாராட்டு முழுவதும் அதற்கே போனது. உண்மையான சிக்கல் நினைவகத்தில் இருந்தது. இன்டெல் செயலியில் ஒரு கோர் எழுதுபவை எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும். எம்1 பின்பற்றும் ஆர்ம் கட்டமைப்பு அந்த உறுதியைத் தருவதில்லை. இதை மென்பொருளால் ஈடுகட்டுவதென்றால் நினைவகத்தைத் தொடும் இடமெல்லாம் தடுப்புக் கட்டளைகளைச் செருகவேண்டும், வேகம் படுத்துவிடும். அதனால் இன்டெல் வரிசையைக் கடைப்பிடிக்கும் முறை ஒன்றை ஆப்பிள் சில்லுக்குள்ளேயே வைத்தது.

வீடியோ கேம் எமுலேட்டர்களுக்கு இப்படித் தனிச் சில்லு எதுவும் இல்லையே என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் அங்கே விலை வேறு வகையில் கொடுக்கப்படுகிறது. சூப்பர் நின்டெண்டோவின் செயலி அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் நேர ஒழுங்கை நுணுக்கமாகப் பின்பற்ற முனைந்த பிஎஸ்நெஸ் எமுலேட்டருக்கு ஏறத்தாழ 3 கிகாஹெர்ட்ஸ் செயலி வேண்டியிருந்தது. பல ஆண்டு வன்பொருள் வளர்ச்சிதான் அங்கே துணைக்கு வந்தது. அந்த இடைவெளி இல்லாத தலைமுறை மாற்றத்தில் இதை எதிர்பார்க்க முடியாது.

மூலநிரலையே புதிய கணினிக்குத் தொகுத்துக்கொண்டால் எமுலேட்டர் எதற்கு என்பது இதைவிட வலுவான மறுப்பு. மூலநிரல் கையில் இருந்து, தொகுக்க ஆளும் இருந்தால் அதுவே நல்ல வழி. இரண்டும் எப்போதும் வாய்ப்பதில்லை. பழைய பவர்பிசி செயலிக்கான நிரல்களை இன்டெல் மேக்குகளில் ஓடவைக்க 2006இல் வந்த முதல் ரோசெட்டாவை, மேக் இயங்குதளத்தின் 2011 லயன் பதிப்பில் ஆப்பிள் நீக்கியது. அதுவரை இன்டெலுக்கு மாறாதிருந்த பவர்பிசி நிரல்கள் அந்தப் பதிப்பில் திறக்கவே இல்லை.