தைக்கக் கூடாத நாடா

சோழவந்தானில் இருக்கும் என் தாய்மாமாவிடம் 1997-ஆம் வருடத்து அம்பாசடர் கார் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அத்தையைக் கண் பரிசோதனைக்காக அதில் மதுரைக்கு அழைத்து வருவார். சென்ற ஆண்டு ஒருநாள் நானும் பின்னிருக்கையில் அமர்ந்து உடன் வந்தேன். வண்டி பரவையைத் தாண்டியதும் அத்தை தன் இடத்தோளின் மேல் தொங்கிய சீட் பெல்ட்டை இழுத்து, மார்பின் குறுக்கே கொண்டுவந்து, அதன் உலோக நாக்கைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டார். பாத்திமா கல்லூரி முனையில் நின்ற போக்குவரத்துக் காவலரைக் கடந்ததும் கையை விட்டார். பெல்ட் சுருண்டு மேலேறவுமில்லை. மடியிலேயே சரிந்து கிடந்தது.

"அது பூட்டுல மாட்டாதுப்பா. ரெண்டு வருசமாக் கையிலதான் புடிச்சுக்கிட்டு வர்றேன்" என்றார்.

மாமாவின் பக்கத்துப் பெல்ட் பூட்டில் விழுந்தது. ஆனால் தோள்வளையத்தில் உரசி உரசி அதன் ஓரம் திரி திரியாகப் பிரிந்திருந்தது. குஷன் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். நான் தயங்கியதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பழைய வண்டிக்கு பெல்ட்டே வேண்டாம்னு சட்டத்துலயே இருக்கு மாப்ள" என்றார்.

மாமா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைத் தேடிப் போனபோதுதான் இந்தத் துண்டு நாடாவுக்குப் பின்னால் எவ்வளவு நீளமான கதை இருக்கிறது என்று தெரிந்தது.

இந்தியாவில் 1994 மார்ச் 25-க்குப் பிறகு தயாரான கார்களில் முன்னிருக்கைகளுக்குப் பெல்ட் பொருத்துவது கட்டாயமாயிற்று. பின்னிருக்கைகளுக்கு அது 2002-இல் வந்தது. பிறக்கும்போதே பெல்ட் இல்லாத வண்டிகளுக்கு விலக்கு அளித்தார்கள். விலக்கு வண்டியின் முதுமைக்காக அளிக்கப்பட்டதன்று. தயாரான நாளைக் கொண்டு அளிக்கப்பட்டது. மாமாவின் வண்டி பெல்ட்டோடு பிறந்தது. முப்பது வயதை நெருங்கினாலும் அதற்கு விலக்கில்லை. நெடுங்காலம் இக்குற்றத்திற்கு நூறு ரூபாய் அபராதம் இருந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 194-பி பிரிவில் அதை ஆயிரம் ரூபாயாக்கியது. அத்தையின் கைப்பிடி அந்த ஆயிரத்துக்கு எதிரான கவசம், அவ்வளவே.

சற்றுப் பின்னோக்கிப் போவோம். இன்று நாம் அணியும் மூன்றுமுனைப் பெல்ட்டை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டின் நில்ஸ் போலின். சாப் நிறுவனத்தில் போர்விமானிகளை வெளியே தூக்கியெறியும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். 1958-இல் வால்வோவுக்கு வந்தார். மனிதனை இருக்கையிலிருந்து வீசும் கலையில் தேர்ந்தவரிடமே அவனை இருக்கையோடு பிணைக்கும் பணியை ஒப்படைத்தார்கள் என்பது சுவையான முரண். அவருக்கு முன்பும் பெல்ட்டுகள் இருந்தன. இடுப்பை மட்டும் கட்டுவன உடலின் மேற்பாதியை விட்டுவிட்டன. வயிற்றின் மேல் பூட்டு வருவன பூட்டாலேயே குடலைக் கிழித்தன. தோளையும் இடுப்பையும் ஒரே நாடாவால் அணைத்து, முடிச்சை இடுப்பெலும்பின் பக்கம் இறக்கி, ஒற்றைக் கையால் மாட்டும்படி எளிமையாக்கியதே போலின் செய்த காரியம். 1959-இல் அது வால்வோ கார்களில் வந்தது. காப்புரிமை பெற்ற அந்த வடிவத்தைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது. 1967-இல் இருபத்தெட்டாயிரம் விபத்துகளை ஆராய்ந்த அறிக்கை ஒன்றும் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-இல் பெல்ட் அணிவதையே சட்டமாக்கியது.

போலின் சுவீடனில் தன் பெல்ட்டைப் பொருத்திய அந்த ஆண்டுகளில்தான் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாராகத் தொடங்கியது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வண்டியின் மறுபிறப்பு அது. 1959-க்கும் 1994-க்கும் இடையே முப்பத்தைந்து வருடம். வடிவம் தெரியாத காரணமோ உரிமை கிடைக்காத காரணமோ அன்று. காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வாடிக்கையாளன், வந்த வண்டியில் என்ன இல்லை என்று கேட்கும் நிலையில் இல்லை. பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, உத்தர்பாராவில் அம்பாசடர்: விரல்விட்டு எண்ணக்கூடிய சில கார்களுக்குள் ஒரு தேசம் தேர்ந்துகொண்டது. அம்பாசடரின் முன்னிருக்கையோ ஒரு பெஞ்சு. ஓட்டுநர் கதவோடு ஒண்டிக்கொள்ள, கல்யாண வீட்டுக்குப் போகும்போது முன்னால் நால்வர் அமர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதில் யாரை எதோடு கட்டுவது? தொழில்நுட்பத்தைவிட இந்தப் பெஞ்சுதான் பெல்ட்டை அதிகம் தாமதப்படுத்தியது என்பது என் கட்சி.

மாமா தைக்க நினைத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. மதுரை பழுது பார்த்தே மோட்டார் யுகத்துக்குள் நுழைந்த ஊர். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910-களின் தொடக்கத்தில் பேருந்து ஓட்டத் தொடங்கினார், அவருடைய டி.வி.எஸ். நிறுவனம் மதுரையில் வேர்விட்டு வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காமற்போனபோது அவர் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற எரிவாயுக் கலத்தை வடிவமைத்து வண்டிகளை ஓடவைத்தார். தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் ஒட்டி மறுவாழ்வு கொடுக்கும் தொழிற்சாலையும் தொடங்கினார். இல்லாததை இருப்பதைக் கொண்டு சமாளிப்பது அன்றைக்குத் தொழில்நுட்பத்தின் இன்னொரு பெயராகவே இருந்தது. அங்கெல்லாம் கற்றுக்கொண்டவர்களும், அவர்களிடம் கற்றுக்கொண்டவர்களும்தான் இந்த ஊர்ப் பட்டறைகளை நிரப்பினார்கள். அம்பாசடரும் அவர்களுக்கு ஏற்ற வண்டி. சுத்தியலும் ஸ்பானரும் போதும்; ஒரு மரத்தடி போதும்.

துணியும் மதுரைக்குப் புதிதன்று. ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை 1892-இல் வைகைக்கரைக்கு வந்தது. சுங்குடியும் தறியும் அதற்கும் மூத்தவை. இழையறிந்த ஊர், இரும்பறிந்த ஊர். பிரிந்துபோன ஒரு நாடாவை இங்கே தைக்கத் தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது.

குஷன் தைப்பவர் பெல்ட்டைக் கையில் வாங்கி, விரலால் நீவிப் பார்த்து, "நைலான் நூல் போட்டு ரெட்டைத் தையல் அடிச்சுத் தர்றேண்ணே. வண்டி போனாலும் தையல் போகாது" என்று மாமாவிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. சோபாவிலும் தார்ப்பாயிலும் அவர் கைவேலை வண்டிகளைவிட நீடித்து உழைப்பதை நான் அறிவேன். ஆனால் இந்த நாடாவைப் பொறுத்தவரை அவருடைய ஊசிதான் ஆபத்து.

நாலரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடிய அகலமுள்ள இந்தப் பாலியெஸ்டர் நாடாவில் பல நூறு பாவிழைகள் நீளவாக்கில் நெருக்கமாக ஓடுகின்றன. சுமையைத் தாங்குபவை அவையே. சர்வதேச விதிப்படி நாடா குறைந்தது ஏறத்தாழ 1,500 கிலோ எடையை அறாமல் தாங்கவேண்டும். அந்த எண் எதற்கு என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். வண்டி மோதி, அவர் உடல் அரைமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். அந்தக் கணத்தில் அவரைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 1,200 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். தையல் ஊசி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் இழைகள் அறுகின்றன. மேலாகத் தைத்த தடிப்பு தோள்வளையத்துக்குள் நுழையாமல் சிக்கும். நாடா சீராக நீள்வதையும் அது கெடுக்கும். நாடா நீளவேண்டும் என்பதும் வடிவமைப்பின் பகுதிதான். கொஞ்சம் நீண்டு, விசையைத் தன்மேல் வாங்கிக்கொண்டுதான் அது விலாவைக் காப்பாற்றுகிறது. ஒரு விபத்தில் அப்படி நீண்டுவிட்ட நாடா பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும் கழித்துவிட வேண்டியதே.

மாமாவின் அடுத்த யோசனை பழைய சாமான் சந்தை. மதுரைக்குத் திலகர் திடலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, சென்னைக்குப் புதுப்பேட்டை. ஹாரனும் ஹெட்லைட்டும் கதவுப்பிடியும் அங்கே வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் வாங்கியிருக்கிறேன். பெல்ட் வேறு. கழித்துப் பிரிக்கப்படும் வண்டிகளில் ஒரு பங்கு விபத்தில் சிக்கியவை. அந்தப் பெல்ட் ஏற்கெனவே ஒருவரைத் தாங்கி முடித்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது.

பழுதே பார்க்கக்கூடாது என்பதுமில்லை. சுருளாமல் சோம்பிக் கிடக்கும் பெல்ட்டில் பெரும்பாலும் நோய் அழுக்குதான். நம் சமவெளியின் செம்மண் தூசியும் தோளின் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து நாடாவைக் கனக்கச் செய்கின்றன. தோள்வளையத்தில் மெழுகுபோல் படிகின்றன. நாடாவை முழுக்க வெளியே இழுத்து, திரும்ப ஓடிவிடாமல் ஒரு கிளிப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்துத் துடைத்து, நிழலில் நன்றாக உலரவிட்டு, வளையத்தையும் துடைத்தால் பாதிப் பெல்ட்டுகள் உயிர்பெற்றுவிடும். சலவைக்காரமும் சாயமும் இழையைத் தின்னும், கூடாது. ரீலுக்குள் எண்ணெய் விடுவது நம் மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். எண்ணெய் தூசியைக் கூட்டிவந்து சேர்க்கும், அதுவும் கூடாது. அத்தையின் பூட்டைக் கவிழ்த்துத் தட்டியபோது எட்டணா நாணயம் ஒன்றும் கொஞ்சம் விபூதியும் விழுந்தன. அதன் பிறகும் அது பூட்டிக்கொள்ளவில்லை. உள்ளே துருப்பிடித்திருந்தது. பூட்டைத் திறந்து வில்லை மாற்றிக் கொடுப்போரும் உண்டு. நான் வேண்டாம் என்றேன்.

மாமா இறங்கி வந்தது என் வாதத்தால் அன்று, சாலையால். இந்த வண்டி வந்த 1997-இல் வாடிப்பட்டிப் பக்கம் இருவழிச் சாலைதான். மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போகவேண்டும். பழைய ஏழாம் எண் நெடுஞ்சாலை 2000-களில் தொடங்கிய பணியில் நான்கு வழியாக விரிந்து, இன்று 44 என்ற எண்ணோடு கன்னியாகுமரிவரை ஓடுகிறது. வண்டி அதே வண்டி. அதைச் சுற்றி ஓடுபவை வேறு. மாமா அறுபதில் போனாலும் பின்னால் வருபவன் நூறில் வருகிறான். "அவன் முட்டுனா அத்தை கையிலயா புடிச்சு நிக்கப்போறா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அத்தையைக் குறைசொல்லவும் வழியில்லை. எச்சரிக்கை மணியை ஏமாற்றப் பூட்டில் செருகும் வெற்றுக் கிளிப்புகளை இணையக் கடைகளிலிருந்து நீக்க, 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடவேண்டியிருந்தது. அப்போது நீக்கப்பட்ட விற்பனைப் பட்டியல்கள் 13,118. புதுக் கார்க்காரர்கள் காசு கொடுத்து வாங்கியதை அத்தை கையாலேயே செய்துவந்தார்.

உத்தர்பாரா ஆலை 2014-இல் நின்றுபோயிற்று. ஆனாலும் பெல்ட் கிடைத்தது. 1994-க்குப் பிந்தைய வண்டியாதலால் தூணிலும் தரையிலும் பெல்ட்டுக்கென்றே பலப்படுத்திய துளைகள் இருந்தன. 7/16 அங்குலப் போல்ட், உலகெங்கும் பொதுவான அளவு. அதற்கு முந்தைய வண்டியில் மெல்லிய தகட்டைத் துளையிட்டு வாஷர் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். விபத்தில் அந்தப் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பின்னால் தடித்த இரும்புத் தகடு வைத்து, தெரிந்தவர் கையால் பொருத்தினாலன்றி அந்த வேலையில் இறங்கக்கூடாது.

முதல்நாள் பொருத்தியபோது அத்தையின் பெல்ட் வெளியே வரவே மறுத்தது. மெக்கானிக், பீஸே மோசம் என்றார். ரீலுக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் உலோகக் குண்டு ஒன்று அமர்ந்திருக்கிறது. வண்டி சட்டென்று நின்றால் குண்டு உருண்டு ஒரு நெம்பைத் தூக்கும். நெம்பு பற்சக்கரத்தில் விழுந்து நாடாவைப் பூட்டும். ரீல் சாய்ந்திருந்தால் குண்டு எப்போதும் உருண்டே கிடக்கும். பெல்ட் எப்போதும் பூட்டியே இருக்கும். தளர்த்தி, நிமிர்த்தி, மறுபடி முறுக்கியதும் வழுக்கிக்கொண்டு வந்தது. மெக்கானிக் மூன்று முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்து, பூட்டுவதைக் கண்டு சிரித்தார்.

பழைய நாடாக்களை மாமா எறியவில்லை. ஒன்று இப்போது தோட்டத்து மோட்டார் பம்பைத் தூக்கி இறக்கப் பயன்படுகிறது. பிரிந்த ஓரமுள்ள மற்றொன்றைக் குஷன் தைப்பவரிடமே கொடுத்து, வாசலில் கிடக்கும் நாடாக்கட்டிலில் அறுந்த இடத்துக்கு ரெட்டைத் தையல் போட்டு வாங்கிவிட்டார். சென்ற வாரம் போயிருந்தபோது அதில்தான் படுத்திருந்தேன். தையல் நன்றாகவே இருக்கிறது.