அச்சமும் அதிகாரமும்: ஜேர்மானியத் திகிற்படங்கள் பற்றிய ஒரு நோக்கு (1920–1940)

சீக்பிரீட் கிறகௌவர் 1947இல் வெளியிட்ட ‘கலிகாரியிலிருந்து ஹிட்லர் வரை’ என்னும் நூல், முதலாம் உலகப் போருக்குப் பிற்பட்ட ஜேர்மானியத் திரைப்படங்களில் ஒரு தேசத்தின் உளநிலையைக் காண முயன்றது. கொடுங்கோன்மைக்கும் குழப்பத்துக்குமிடையே தத்தளித்த மனமொன்று ஹிட்லரின் வருகைக்கு முன்னரே திரையில் வெளிப்பட்டது என்பது அவர் முடிபு. திகிற்படத்தின் அரசியலை ஆராய்வோர் இந்நூலைத் தவிர்த்தல் இயலாது. ஆயினும் அவரது விளக்கத்தின் அச்சாக அமைவது உளவியலே. திரை எவர் கையிலிருந்தது என்ற வினாவை முதன்மைப்படுத்தும்போது அதே வரலாறு வேறொரு தெளிவு பெறுகின்றது என்பது எமது கருத்தாகும்.

றொபேட் வீனவின் ‘டொக்டர் கலிகாரியின் பேழை’ (1920), துயில்நடையன் ஒருவனை ஏவிக் கொலை செய்விக்கும் மருத்துவனைக் காட்டியது. அங்கு அச்சத்துக்குரியது அதிகாரமே. ஆனால், கதை சொல்பவனே பித்தன், மருத்துவனோ நல்லவன் எனப் படம் முடிவுறுவதால் அவ்விமர்சனம் மழுங்குகின்றது. இச்சட்டகக்கதை பின்னர் புகுத்தப்பட்டதென்றே கிறகௌவர் கொண்டார். எனினும் பிற்காலத்திற் கிடைத்த மூலப்பிரதியிலும் வேறுவகையான சட்டகமொன்று காணப்படுகின்றது. எனவே, படைப்பாளியின் நோக்கத்தை மட்டும் வைத்து இதனை விளக்குதல் போதாது.

இங்கு உடைமை உறவுகள் மனங்கொள்ளத்தக்கன. ஊபா நிறுவனம் 1917இல் இராணுவத் தலைமையின் விருப்போடும் டொயிச்சே வங்கியின் மூலதனத்தோடும் தோன்றியது. 1927இல் அது வலதுசாரிப் பத்திரிகை முதலாளி ஹூகன்பேர்க்கின் கைக்கு மாறியது. 1933இல் அவரே ஹிட்லரின் அமைச்சரவையில் இடம்பெற்றார். பித்தனொருவனின் ஆணைகளுக்குக் குற்றக்கும்பலொன்று அடிபணிவதைச் சித்திரிக்கும் பிரிட்ஸ் லாங்கின் ‘டொக்டர் மபூசேயின் மரணசாசனம்’ அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டது. பாசிசம் திரையிலிருந்து அச்சத்தை அகற்றவில்லை. அதிகாரத்தை நோக்கிய அச்சத்தையே அகற்றியது.

எஞ்சிய அச்சம் எத்திசையில் திருப்பப்பட்டது? மூர்ணவின் ‘நொஸ்பெராட்டு’வில் (1922) இரத்தம் குடிக்கும் பிரபுவோடு எலிகளும் கொள்ளைநோயும் கப்பலில் வந்திறங்குகின்றன. 1940இல் ‘நித்திய யூதன்’ என்ற படம் எலிக்கூட்டங்களை யூதமக்களின் காட்சிகளோடு அடுத்தடுத்து இணைத்தது. முன்னது கற்பனை, பின்னது ஆவணப்படம் என்ற பெயரில் உயிருள்ள மக்களைக் கொள்ளைநோயாக்கிற்று. அதே ஆண்டில் வெளிவந்த வைற் ஹார்லானின் ‘யூதன் சூஸ்’ படத்திலோ, பனி பொழிய, மக்கள் சூழ்ந்து நிற்க, தூக்குத்தண்டனை நீதியின் அழகிய நிறைவாகக் காட்டப்படுகின்றது. இப்படத்தை ஏறத்தாழ 2 கோடிப் பேர் பார்த்தனர், எஸ்.எஸ். படையினரும் பொலிசாரும் அதனைப் பார்க்க வேண்டுமென ஹிம்லர் பணித்தார்.

பாசிசம் அரசியலை அழகியலாக்குகின்றது என்று 1936இல் வால்ற்றர் பென்ஜமின் கூறியதன் பொருள் இங்கு துலக்கமாகின்றது. திரைப்படம் தானாகவே கொலைஞரை உருவாக்கிற்று எனக் கூறல் எளிமைப்படுத்தலாகும். கொலைக்கான நிறுவனங்களை அரசு முன்னரே அமைத்திருந்தது. திரைப்படம் அவற்றின் செயலுக்கு நியாயமும் கவர்ச்சியும் அளித்தது. ஆதலால், திகிற்படத்தை மதிப்பிடுகையில் அது எவ்வளவு அச்சுறுத்துகின்றது என்பதிலும் பார்க்க, எவர்மீது அச்சத்தை ஏவுகின்றது, அதனால் எவர் பயனடைகின்றனர் என்பனவே நாம் முதலில் எழுப்ப வேண்டிய வினாக்களாகும்.