கழுவெளி: ஒரு நீர்ப்பெயரின் வரலாறு

மரக்காணத்தை ஒட்டித் தொடங்கி வானூர் வட்டம் வரை பரந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பின் பெயரைக் ‘கழுவேலி’ என்று எழுதுவதும், எழுதிய பின் அதற்குள் கழுமரத்தையும் வேலியையும் தேடுவதும் சொல்லுக்கும் நீருக்கும் ஒருங்கே இழைக்கப்படும் பிழையாகும். மரக்கால் காணாமற்போனதால் மரக்காணம் ஆயிற்று என்னும் கதையைப் பூமீசுவரர் கோயிலின் தலக்கதையாகப் போற்றலாம். சொல்வரலாறாகக் கொள்ள இயலாது. கழுவேலி என்னும் வடிவத்துக்கோ தலக்கதையின் துணைகூட இல்லை. வெளி, வேலி ஆகிய இரண்டும் ஆங்கில எழுத்தில் ஒரே உருவம் பெறுவன. அவ்வெழுத்திலிருந்து பெயரை மீண்டும் தமிழுக்குக் கொணர்ந்தவர்களிடம் எகரக் குறிலும் ளகரமும் தொலைந்தன என்பதே நடந்தது.

நீரைக் காணப் பயணம் போவோர் குற்றாலத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் போகின்றனர். பழந்தமிழ் மரபோ நீரை நிலத்தோடு சேர்த்தே பெயரிட்டது. குறிஞ்சியின் கருப்பொருள்களைத் தொகுத்தோர் அதன் நீராக அருவியையும் சுனையையும் கூறினர். நெய்தலுக்கு மணற்கிணற்றையும் உவர்க்கழியையும் கூறினர். அருவி என்னும் செம்மையான சொல் இருக்க, ‘நீர்வீழ்ச்சி’ என்னும் பிற்கால ஆக்கம் அறிவிப்புப் பலகைகளில் ஏறியது வருந்தத்தக்கது. ஆயினும் ஐந்தருவி, பேரருவி என்று குற்றாலத்தில் பழஞ்சொல் இன்னும் வாழ்கிறது. நெய்தலின் கழிக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. கழிவு, கழிப்பிடம் என்னும் சொற்களின் நிழல் அதன்மேல் விழுந்துவிட்டமையால், கடல்நீர் நிலத்துள் புகுந்து தங்கும் நீர்நிலை என்னும் அதன் பொருளை உப்பங்கழி, கழிமுகம் முதலிய கூட்டுச்சொற்களில் மட்டுமே இன்று பலர் அறிகின்றனர். தனித்து நின்ற கழி மறக்கப்பட்டதால்தான் கழுவெளியில் ஒளிந்திருப்பது அதுவே என்பது தெரியாமற் போயிற்று.

கழிவெளி என்பதே கழுவெளி ஆயிற்று. வகரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறக்கும் ஒலி. அதன் முன் நிற்கும் இகரம் அவ்விதழ்த் தொழிலின் சார்பால் இதழ் குவிந்து உகரமாதல் பேச்சுத் தமிழின் இயல்பு. அரிதற்குரிய அரிவாள் அருவாள் ஆனதும், அரிவாள்மணை அருவாமணை ஆனதும் இந்நெறியால்தான். நீர்த்துளியைக் குறிக்கும் திவலையும் துவலையும் இணையாக வழங்குவதும் இங்கே நினைக்கத்தக்கது. ஆங்கில நூல்களில் நெடுங்காலமாக வழங்கும் ‘கலிவேலி’ என்னும் எழுத்துக்கூட்டு, வேலியை வைத்துக் குழப்பினாலும், முற்பகுதியின் இகரத்தைக் கைவிடாமல் காத்துள்ளது. இப்பரப்பை எடையன்திட்டுக் கழிமுகத்தோடும் கடலோடும் இணைக்கும் ஓடை அதே நூல்களில் ‘உப்புக்கல்லி’ எனப்படுகிறது. அங்கே கல்லும் இல்லை, கள்ளியும் இல்லை. உப்புக்கழியே ழகரம் இழந்து அவ்வாறு நிற்கிறது. ஓடைக்குக் கழி என்று பெயரிட்ட மக்கள், அவ்வோடை சென்று சேரும் பெரும்பரப்புக்குக் கழுமரத்தின் பெயரை இட்டனர் என்பது பொருந்தாக் கூற்று.

வெளி என்னும் பிற்பகுதியும் பொருளுக்கு முற்றிலும் இசைகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுற்றுப்புற ஏரிகளின் மிகைநீர் இறங்கிக் கண்ணுக்கெட்டிய தொலைவுக்கு நீராகவும், கோடையில் நீர் வற்றிப் பெரும்பகுதி வெறுந்தரையாகவும் தோன்றும் இடம் அது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டு ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பாகச் சொல்லப்படும் இதில் 5,151.60 எக்டேரைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வலசை வரும் பறவைகளைக் காணச் செல்வோர் வழியில் மரக்காணத்து உப்பளங்களையும் காண்பர். உப்பளத்தில் உள்ள அளம் உப்பு விளையும் நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல். கழிநீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் காய்ச்சுவதே தொழிலாதலால், கழி இன்றி அளம் இல்லை. பட்டினப்பாலையும் உப்பை விற்று நெல் கொண்டு மீண்ட படகுகளைக் கழி சூழ்ந்த தோட்டங்களின் அருகேதான் கட்டி நிறுத்துகிறது.

கழி என்பதன் வேர் குறித்து இரு கருத்துகள் உள. நன்னூல் கழி என்பதை மிகுதி உணர்த்தும் உரிச்சொற்களுள் வைத்தலால் மிகுநீர் என்பர் ஒரு சாரார். கழிதல் கடந்து செல்லுதலாதலால், கரை கடந்து உட்புகுந்த நீர் என்பதே சிறந்தது. மிகுதி கடலுக்கும் உண்டு. கடந்து வருதல் கழிக்கே உரியது.

எல்லாவற்றினும் வலிய சான்று மரக்காணத்துக்கு வடக்கே உள்ளது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் மதிலின் பெயர் பெற்றதாகக் குறிக்கப்படும் எயிற்பட்டினத்தை மரக்காணப் பகுதியோடு பொருத்துவர் அறிஞர். அந்நூலின் ஆசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலமாகிய இடைக்கழிநாடு, ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளைக் கொண்ட கடப்பாக்கத்தை உள்ளடக்கிய பேரூராட்சியாக அதே பெயரோடு இன்றும் இருக்கிறது. நீரிடை நின்ற நிலம் இடைக்கழி எனப் பெயர் பெற்ற கரையில், நிலத்திடை விரிந்த நீர் கழிவெளி எனப் பெயர் பெற்றது. பறவைகள் சரணாலயத்தின் பலகையிலும் அவ்வடிவமே எழுதப்படுதல் வேண்டும்.