இந்தியத் தற்காப்பு அமைச்சு: அமைச்சரும் தளபதியும்

முன்னுரை

புதுடில்லியிலுள்ள தீன் மூர்த்தி மாளிகையை நேருவின் இல்லமாகவே நம்மில் பலர் அறிவோம். பிரிட்டிஷ் ஆட்சியில் அது இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியுடைய இல்லமாக இருந்தது. 1948இல் அங்கே விடுதலை பெற்ற நாட்டின் பிரதமர் குடிபுகுந்தார். இந்தியத் தற்காப்பு அமைச்சின் வரலாற்றை இக்குடிமாற்றம் சுருங்கக் காட்டுகின்றது எனலாம். படையைக் குடிமை ஆட்சிக்கு உட்படுத்திய அவ்வமைச்சு, படைத் தளபதிகளின் அறிவுரைக்கு எவ்வளவு இடமளித்தது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

தலைமைத் தளபதியின் இருக்கை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசப் பிரதிநிதியின் நிருவாக சபையில் தலைமைத் தளபதியோடு இராணுவ உறுப்பினர் ஒருவரும் இருந்தார். இவ்விரட்டை நிலையைத் தளபதி கிச்சனர் எதிர்த்தார். கர்சன் பிரபு அதனைக் காக்க முயன்றார். இலண்டன் கிச்சனரின் பக்கம் சாயவே, 1905இல் கர்சன் பதவி விலகினார். அதன்பின் தளபதியின் குரலே சபையில் படையின் ஒரே குரலாயிற்று.

2.9.1946 அன்று அமைந்த இடைக்கால அரசில் பல்தேவ் சிங் தற்காப்புப் பொறுப்பேற்றபோது அந்நிலை முடிவுற்றது. 1947 முதல் 1952 வரை சுதந்திர இந்தியாவின் முதல் தற்காப்பு அமைச்சராகவும் அவரே விளங்கினார். அவரையடுத்துத் தமிழரான என். கோபாலசாமி ஐயங்கார் பொறுப்பேற்று, 1953இல் மறையும்வரை பணியாற்றினார். 1955இல் தலைமைத் தளபதி என்னும் பெயரே நீக்கப்பட்டது. தரை, கடல், வான் படைகளுக்குத் தனித்தனித் தலைவர்கள் அமைச்சரின்கீழ் இயங்கலாயினர்.

1962 தந்த பாடம்

1957இல் அமைச்சரான வி. கே. கிருஷ்ண மேனன் உள்நாட்டிலேயே படைக்கலம் ஆக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். 1958இல் தற்காப்பு ஆய்வு மேம்பாட்டு நிறுவனம் அவர் காலத்திலேயே உருவாயிற்று. ஆயினும் தளபதிகளோடு அவருக்கு இணக்கமில்லை. 1959இல் தரைப்படைத் தலைவர் திம்மையா பதவி விலகல் கடிதம் தந்து, நேருவின் வற்புறுத்தலால் அதனை மீட்டுக்கொண்டார். குடிமை அதிகாரமே மேலானது என்று நேரு நாடாளுமன்றத்தில் வலியுறுத்தினார். கொள்கையளவில் அது சரியே. எனினும் திம்மையா எழுப்பிய குறைகள் அதனால் தீரவில்லை.

1962 அக்டோபரில் சீனப் படை தாக்கியபோது அதன் விலை புலப்பட்டது. போர்க்கள அனுபவம் குறைந்த கவுல் என்பவரிடம் வடகிழக்குப் படைப்பிரிவு ஒப்படைக்கப்பட்டிருந்தது. குளிருக்கு ஏற்ற உடையின்றி வீரர்கள் மலைமுகட்டில் நிறுத்தப்பட்டனர். நவம்பரில் மேனன் அமைச்சரவையிலிருந்து விலகினார்.

சவான் காலம்

மகாராட்டிர முதலமைச்சராயிருந்த ஒய். பி. சவான் மேனனின் இடத்திற்கு அழைக்கப்பட்டார். படைத் தலைவர்களோடு நாள்தோறும் காலையில் கலந்துரையாடும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். தரைப்படையை 8,25,000 பேராக உயர்த்தும் திட்டமும் வகுக்கப்பட்டது. 1.9.1965 அன்று சம்ப் பகுதியில் பாகிஸ்தான் படை முன்னேறியபோது, வான்படையைப் பயன்படுத்த அவர் அன்றே இசைவளித்தார். முடிவெடுப்பது அமைச்சர், போரை நடத்துவது தளபதி என்னும் வரம்பு இங்குத் தெளிவாக விளங்குவதை நாம் காண்கிறோம். ஜகஜீவன் ராம் அமைச்சராயிருந்த 1971இலும் இவ்வரம்பு பெரிதும் காக்கப்பட்டது.

தீராத இடைவெளி

ஆயினும் சவான் தொடங்கியது ஒரு நல்ல வழக்கமேயன்றி, அமைப்பு முறை மாற்றமன்று. படைத் தலைமையகங்கள் அமைச்சுக்கு வெளியே இணைப்பு அலுவலகங்களாகவே நீடித்தன. தமிழரான ஆர். வெங்கட்ராமன் அமைச்சராயிருந்த 1983இல் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. அறிவியலுக்கு அமைச்சினுள் கிடைத்த இடம் சீருடையணிந்தோர்க்குக் கிட்டவில்லை. 1999 கார்கில் போருக்குப் பின், முப்படைகளுக்கும் பொதுவான தலைவர் ஒருவர் வேண்டுமென அமைச்சர் குழு 2001இல் பரிந்துரைத்தது. 1.1.2020 அன்றுதான் பிபின் ராவத் அப்பொறுப்பை ஏற்றார். அவர் தலைமையில் அமைச்சுக்குள்ளேயே படை விவகாரத் துறை ஒன்றும் அமைந்தது.

முடிவுரை

தீன் மூர்த்தி மாளிகையிலிருந்து தளபதி வெளியேறியது மக்களாட்சிக்கு இன்றியமையாததாகும். அண்டை நாடுகள் சில கண்ட இராணுவ ஆட்சியை இந்தியா காணாமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அமைச்சின் கதவுக்கு வெளியே அவரை நெடுங்காலம் நிறுத்தியதன் இழப்பை மலைமுகட்டில் நின்ற வீரர்களே சுமந்தனர். அடக்கி ஆள்வதும் செவிகொடுத்துக் கேட்பதும் ஒன்றாக வேண்டும் என்பதே இவ்வமைச்சின் வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினையாகும்.