நெல் வைக்கோல் எரிப்பு: மாற்று வழிகள் இருந்தும் தீ அணையாதது ஏன்?

அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் நெல் வைக்கோலை எரிப்பதற்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. வைக்கோலை உரமாகவும் எரிபொருளாகவும் மாற்றும் தொழில்நுட்பங்களும் உருவாகியுள்ளன. இருப்பினும், பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வயல்களுக்குத் தீ வைப்பது முற்றிலும் நிற்கவில்லை. தில்லி உள்ளிட்ட வட இந்திய நகரங்களின் காற்று மாசுக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இரண்டு, மூன்று வார அவகாசம்

நிலத்தடி நீரைப் பாதுகாக்க பஞ்சாப் அரசு 2009-இல் இயற்றிய சட்டம், கோடையின் தொடக்கத்திலேயே நெல் நடவு செய்வதைத் தடுத்தது. நடவு ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனதால் அறுவடையும் தாமதமானது. நவம்பரில் கோதுமை விதைக்க வேண்டிய விவசாயிக்கு, வயலைத் தயார்படுத்த சுமார் இரண்டு, மூன்று வாரங்களே கிடைக்கின்றன.

அறுவடை இயந்திரங்கள் கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு அடித்தாளை வயலிலேயே விட்டுவிடுகின்றன. கோதுமை வைக்கோல் அங்கு கால்நடைத் தீவனமாகப் பயன்படுகிறது. சிலிக்கா அதிகமுள்ள நெல் வைக்கோலுக்கு அத்தகைய தேவை இல்லை. எனவே, செலவின்றி விரைவாக முடியும் வழியாகத் தீ தேர்ந்தெடுக்கப்படுகிறது.

மண்ணுக்கு இழப்பு

ஒரு டன் நெல் வைக்கோலை எரித்தால் சுமார் 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல் சத்து ஆகியவை வீணாவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மேல்மண்ணில் உள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களும் அழிகின்றன.

வயலிலேயே தீர்வு

இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'பூசா டீகம்போஸர்', வைக்கோலை மட்கச் செய்யும் பூஞ்சைகளின் கலவையாகும். வெல்லம், கடலை மாவு சேர்த்துப் பெருக்கப்படும் இந்தக் கரைசலை வயலில் தெளித்தால், வைக்கோல் 20 முதல் 25 நாள்களில் மட்கும். ஆனால், விவசாயியின் அவகாசம் முழுவதும் அதற்கே செலவாகிவிடும்.

'ஹாப்பி சீடர்' இயந்திரம், வைக்கோலை அகற்றாமலேயே கோதுமையை விதைக்கிறது. இத்தகைய இயந்திரங்களுக்கு மத்திய அரசு 2018-19 முதல் மானியம் வழங்குகிறது. எனினும், ஆண்டில் சில வாரங்களே பயன்படும் இயந்திரத்தைச் சிறு விவசாயிகள் சொந்தமாக வாங்குவது கடினம். வாடகைக்கு எடுப்பதாயினும், அனைவருக்கும் அது ஒரே நேரத்தில் தேவைப்படுகிறது.

ஆலைக்குச் செல்லும் வைக்கோல்

ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை 2022 ஆகஸ்ட் 10-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிக்கும் நோக்கில் அது உருவாக்கப்பட்டது. அனல் மின் நிலையங்களில் நிலக்கரியுடன் வைக்கோல் வில்லைகளைச் சேர்த்து எரிக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. இவற்றுக்கும் வைக்கோலைக் கட்டுகளாக்கி, ஏற்றி, இருப்பு வைக்கும் பணி அதே சில வாரங்களுக்குள் முடிய வேண்டும்.

ரகத்தை மாற்றும் முயற்சி

இதனால், அவகாசத்தையே நீட்டிக்கும் வழியை ஆய்வாளர்கள் நாடியுள்ளனர். அதிக விளைச்சல் தரும் 'பூசா 44' நெல் ரகம் முதிர்ச்சியடைய சுமார் 160 நாள்கள் ஆகும். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் 'பி.ஆர். 126' ரகம் சுமார் 123 நாள்களில் முதிர்ந்துவிடும். அதன் வைக்கோலும் குறைவு. குறுகிய கால ரகத்தைக் குறித்த பருவத்தில் நடவு செய்தால், வைக்கோலை மட்கச் செய்யவோ ஆலைக்கு அனுப்பவோ விவசாயிக்குக் கூடுதல் வாரங்கள் கிடைக்கும்.